வலிமைப் பங்கீடும் வெளியுறவுத் தீர்மானமும்: மரக்காணக் கடற்கரை வழங்கும் சான்றுகள்

ஓர் அரசு அயலாரோடு போர் தொடுப்பதும், சமாதானம் பேசுவதும், விட்டுக்கொடுப்பதும், வாளாவிருப்பதும் தன் சொந்தச் சித்தத்தினாலா, அன்றி அதன் கைக்கு எட்டாத தூரத்தில் வல்லரசுகளிடையே நிலவும் வலிமைப் பங்கீட்டின் நிர்ப்பந்தத்தினாலா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. கி.மு. 416-இல் ஏதென்ஸ் தூதர்களுக்கும் மீலோஸ் தீவினருக்கும் நடந்ததாகத் துசிடிடீஸ் எழுதிவைத்த உரையாடலின் உயிர் இந்த வினாவே. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அண்டை அரசைப் பகையாகவும் அதற்கு அப்பாலுள்ளதை நட்பாகவும் கொள்ளும் மண்டலக் கோட்பாடு என்னும் வடிவில் இதற்கு ஒரு விடையை வகுத்தது. வள்ளுவரோ வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததன் மூலம், வலிமையை நிறுத்துப் பார்ப்பதோடு அரசனின் கடமை முடிவதில்லை என்றும், அவ்வலிமை எப்பொழுது எவ்விடத்தில் செல்லுபடியாகும் என்பதையும் அவன் ஆராய்ந்தாக வேண்டும் என்றும் உணர்த்தினார். இம்மூன்று விடைகளும் பல நூற்றாண்டு இடைவெளியில் எழுந்தவை. ஆயினும் இக்காலச் சர்வதேச அரசியல் அறிஞர்களின் வாதங்களில் பெரும்பான்மையானவை இவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழித்தோன்றல் என்று கூறினால் அது மிகையாகாது.

வல்லரசுகளின் தலைநகரங்களிலிருந்தே இவ்வினாவை ஆராய்வது வழக்கம். அவ்வழக்கத்தினின்று விலகி, கழுவேலி ஏரியின் நீர் இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலைச் சேரும் மரக்காணத்தையும், அதன் வடக்கே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையையும், தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியையும் உள்ளிட்ட ஒரு சிறு கரையின் இருநூறாண்டு வரலாற்றை வைத்து அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். போரும் உடன்படிக்கையும் கைமாற்றமும் இத்தனை நெருக்கமாக நிகழ்ந்த இடம் சோழமண்டலக் கரையில் வேறொன்று இருப்பது அரிது.

கட்டமைப்பு வாதம்

வலிமைப் பங்கீட்டுக்கு முதலிடம் கொடுக்கும் கொள்கையை மிகத் துலக்கமாக வடித்தவர் அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ். 1979-இல் வெளியான தம் நூலில் அவர் கூறியதன் சாரம் இது: அரசுகளுக்கு மேலே அதிகாரி எவரும் இல்லாத உலகில், ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அவற்றின் நடத்தையைப் பெரிதும் நிர்ணயிப்பது ஆள்வோரின் குணமோ சமயமோ சித்தாந்தமோ அன்று; பெரிய சக்திகள் எத்தனை, அவற்றிடையே பலம் எவ்வாறு பகிர்ந்து கிடக்கிறது என்பதேயாம்.

இக்கொள்கைக்கு நம் கரை தரும் ஆதாரங்கள் வலுவானவை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். அவ்வாண்டு அக்டோபரில் அடையாற்றங்கரையில் நவாப் அன்வருதீனின் பெரும் படையைச் சிறியதொரு பிரெஞ்சுப் படை சிதறடித்தது. 1748-இல் பாஸ்கவன் என்னும் ஆங்கிலத் தளபதி புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். சோழமண்டலக் கரையை மட்டும் நோக்குவோர்க்கு வெற்றி பிரெஞ்சுக்காரருடையதாகவே தோன்றும். ஆயினும், அதே ஆண்டில் எய்-லா-ஷப்பேல் நகரில் முடிவான சமாதானம் சென்னையை ஆங்கிலேயருக்கே திருப்பிக் கொடுத்தது. அதற்கு ஈடாகப் பிரான்ஸ் பெற்றது வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டை. கூவத்தின் கரையில் வென்றதை அட்லாண்டிக்கின் கரையில் விற்றார்கள்; அவ்வியாபாரத்தில் கர்நாடக நவாபுக்கோ சென்னைப்பட்டினத்து மக்களுக்கோ குரல் இருந்ததில்லை.

ஆலம்பரைக் கோட்டையின் கதையும் இத்தகையதே. உப்பு வியாபாரத்திலும் நாணயச் சாலையிலும் பெயர்பெற்ற அத்துறைமுகக் கோட்டை, தமக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக, ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கினால் 1750-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு வழங்கப்பட்டது. 1760-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். அவ்வாண்டு ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றதும், ஓராண்டுக்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்ததும் படைத்தலைவர்களின் திறமை வேறுபாட்டால் மட்டும் நேர்ந்தவையல்ல. 1759-இல் பிரெஞ்சுக் கப்பற்படை இக்கரையை விட்டு மொரிஷியஸ் தீவுக்குச் சென்று திரும்பாதொழிந்தபோதே, கடலாதிக்கத்தை இழந்த ஒரு துறைமுகம் எத்தனை மாதம் தாங்கும் என்பது ஒன்றே எஞ்சிய கேள்வியாயிற்று.

இவ்வாதத்தின் குறை அதன் ஆசிரியரே ஒப்புக்கொண்டதுதான். தம் கோட்பாடு சர்வதேச அரசியலின் பொதுப்போக்கை விளக்குவதேயன்றி, ஒரு குறிப்பிட்ட அரசு ஒரு குறிப்பிட்ட நாளில் செய்யும் தீர்மானத்தை விளக்குவதன்று என வால்ட்ஸ் பலமுறை வற்புறுத்தினார். 1987-இல் ஸ்டீபன் வால்ட் இதைத் திருத்த முயன்று, அரசுகள் வெறும் பலத்தைக் கண்டு கூட்டுச் சேர்வதில்லை, அருகாமையும் நோக்கமும் சேர்ந்த அச்சுறுத்தலைக் கண்டே சேர்கின்றன என்றார். அது பயனுள்ள திருத்தமே. ஆனால் நோக்கம் என்னும் சொல்லைக் கோட்பாட்டினுள் அனுமதித்த கணமே, மனிதரின் எண்ணங்களுக்கும் அவர்களின் தவறான மதிப்பீடுகளுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

செய்தி வந்துசேரும் காலம்

அக்கதவின் வழியே நுழைந்த ஆராய்ச்சிகளுள் கவனிக்கத்தக்கது, 1993-இல் வில்லியம் வோல்ஃபோர்த் பனிப்போர்க் காலத்தைப் பற்றி எழுதிய நூல். வலிமை எவ்வாறு பகிர்ந்திருந்தது என்பதைவிட, ஆட்சியாளர் அதை எவ்வாறு கணித்தனர் என்பதே அவர்களை இயக்கியது என்பது அதன் வாதம்.

இதற்குக் கடலூரைவிடத் தெளிந்த சான்று கிடைப்பது அரிது. 1783 ஜனவரியில் வெர்சேல்ஸில் இங்கிலாந்தும் பிரான்சும் முதற்கட்டச் சமாதான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அச்செய்தி இக்கரையை எட்டாத நிலையில், ஜூன் 13-ஆம் நாள் கடலூர்க் கோட்டைக்கு வெளியே பூசியின் பிரெஞ்சுப் படைக்கும் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படைக்கும் கடும்போர் மூண்டது. ஜூன் 20-ஆம் நாள் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலக் கப்பல்களோடு மோதின. மாதக் கடைசியில் செய்தி வந்ததும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பிரெஞ்சுத் துணையை இழந்த மைசூர் மன்னர் திப்பு சுல்தான் தனியே நின்று போரிட்டு, 1784 மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை செய்துகொண்டார். கட்டமைப்பு வாதி இப்போரின் முடிவைச் சுட்டிக்காட்டி, ஐரோப்பாவின் ஏற்பாடே மைசூரின் கூட்டணியைக் கலைத்தது என்பார். கணிப்பை முதன்மையாகக் கொள்வோர் அதே போரின் கடைசி ஐந்து மாதங்களைச் சுட்டி, ஏற்பாடு மாறிய பின்னும் பழைய கணக்கிலேயே மனிதர் மடிந்ததைக் காட்டுவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. முடிந்துபோன சண்டையில் உயிர்விட்ட சிப்பாய்களின் பொருட்டேனும், இரண்டாவது கூற்றை முதலாவதன் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடுவது தகாது.

புதுச்சேரியில் தூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்க்கும் தரகராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இவ்வகையில் அபூர்வமான ஆவணம். கப்பல் வருமா வராதா என்ற ஏக்கமும், வந்த கடிதத்தின் பொருளைப் பற்றிய ஊகமும், நிஜாமின் தர்பாரிலிருந்து கசிந்த வதந்தியும், பிரெஞ்சுக் கும்பினியின் கருவூலத்தில் பணம் இல்லாத கவலையும் அதில் நாள்தோறும் இடம்பெறுகின்றன. வலிமைப் பங்கீடு என்று நாம் இன்று வரைபடமாகக் காண்பது, அக்காலத் தீர்மானக்காரர்களுக்கு இத்தகைய துண்டுச் செய்திகளாகவே வந்து வாய்த்தது.

உப்பு உடன்படிக்கைகள்

இக்கரையின் வரலாற்றில் நம் வினாவை மிக நுட்பமாகச் சோதிப்பது போரன்று, உப்பு. சென்னை மாகாணத்தில் உப்பு உற்பத்தியையும் விற்பனையையும் ஆங்கிலக் கும்பினி 1805-இல் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. கும்பினிக் கிராமங்களும் பிரெஞ்சுக் கிராமங்களும் பின்னிக் கிடந்த புதுச்சேரிச் சூழலில், பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பு எந்த வரப்பைத் தாண்டியும் ஆங்கிலேயரின் விலையைக் கெடுத்துவிட முடியும். நெப்போலியன் யுத்தங்களின் முடிவில், 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி இப்பகுதிகளைப் பிரான்சுக்குத் திருப்பித்தர நேர்ந்தபோது, அங்கே கோட்டை கட்டலாகாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கலாகாது என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 1815 மார்ச் 7-ஆம் நாள் லண்டனில் கையொப்பமான ஒப்பந்தத்தில், தன் இந்தியப் பகுதிகளில் உள்ளூர்ச் செலவு போக மிஞ்சும் உப்பனைத்தையும் வாங்கும் பிரத்தியேக உரிமையைப் பிரான்ஸ் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பெறுவது அதற்கு விலை. நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து தப்பிப் பாரிஸை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், லண்டனில் கோரமண்டல் உப்பின் கணக்கு முடிக்கப்பட்டது. 1818 மே 13-ஆம் நாள் செய்துகொண்ட மற்றோர் ஒப்பந்தம் இன்னும் ஒருபடி மேலே சென்று, பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தியது. அளங்களின் உடைமையாளர்க்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் ஈட்டுத்தொகை, புதுச்சேரி மக்களின் தேவைக்கு ஆங்கிலேயர் வழங்கும் உப்பு என ஏற்பாடாயிற்று.

இதை எவ்வாறு விளக்குவது? கட்டமைப்பு வாதம் பாதி தூரம் வருகிறது. கடலில் நிகரற்ற வல்லரசாகிவிட்ட பிரிட்டன், தோற்ற பிரான்சின் உப்பளங்களை மூடச்செய்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது, கேட்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு அது ஆண்டாண்டாகப் பணம் கொடுக்க இசைந்ததே. ரஷ்யாவையும் பிரஷியாவையும் சமன்செய்ய ஐரோப்பாவில் ஒரு பிரான்ஸ் தேவைப்பட்டது, ஆதலால் பூர்போன் அரசை அவமதிக்காமல் நடத்தினர் என்பது ஒரு விடை. அதுவும் வலிமைப் பங்கீட்டிலிருந்தே பிறக்கும் விடைதான். தொகையை நிர்ணயித்ததோ வேறு கணக்கு: சென்னை மாகாண உப்பு வருமானத்தைக் காக்க எவ்வளவு செலவழித்தால் கட்டுப்படியாகும் என்னும் கும்பினியின் வரவுசெலவுக் கணக்கு. ஒப்பந்தம் ஏற்பட்டதை ஐரோப்பிய நிலை விளக்குகிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை அது விளக்கவில்லை.

நிறுவனங்களுக்கு முக்கியத்துவம் கொடுக்கும் அறிஞர், ராபர்ட் கியோஹேன் 1984-இல் கூறியதை இங்கே நினைவூட்டுவர்: ஆதிக்க சக்தியின் காலத்தில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள், அவை ஏற்பட்ட சூழ்நிலை மாறிய பின்னும், பரஸ்பர லாபத்தின் காரணமாக நீடிக்கக் கூடும். உப்பு ஏற்பாடு பல தலைமுறை நிலைத்ததை இக்கருத்து நன்கு விளக்குகிறது. எனினும், பரஸ்பரம் என்னும் சொல் இங்கே எவரை உள்ளடக்கியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பாத்தி மிதித்தவர்களும் வெயிலில் நின்று உப்பு வாரியவர்களும் ஒப்பந்தத்தின் இரு தரப்பிலும் இல்லை. ஈட்டுத்தொகை உடைமையாளரை நோக்கியே சென்றது. ஆங்கில எல்லையிலிருந்த மரக்காணத்தின் அளங்கள் தொடர்ந்து விளைய, சில காத தூரத்தில் அதே கடல்நீரும் அதே வெயிலும் இருந்த பிரெஞ்சுக் கிராமங்களின் அளங்கள் தரிசாயின. உலகப் பொருளாதாரத்தின் மையமும் விளிம்பும் என்று இம்மானுவேல் வாலர்ஸ்டைன் முதலியோர் வகுத்த உலக அமைப்புக் கோட்பாட்டின் சிறப்பு, இத்தகையோரைக் கண்ணுக்குத் தெரியச் செய்ததே. அதன் பலவீனம், எல்லா விளிம்பையும் ஒன்றுபோலக் கருதி, மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நேர்ந்த வேறுபட்ட விதியை விளக்காமல் விட்டுவிடுவது.

உள்நாட்டரசியலும் தனிமனிதரும்

1971-இல் கிரஹாம் அல்லிசன், கியூபா ஏவுகணை நெருக்கடியை ஆராய்ந்து, அரசு என்பது ஒரே மனமுடைய ஒற்றை ஆள் அன்று, பல அலுவலகங்களின் இழுபறி என்று காட்டினார். 1988-இல் ராபர்ட் புட்னம், ஒவ்வொரு தூதரும் அயல்நாட்டோடும் தம் நாட்டுச் சட்டசபையோடும் ஒருசேரப் பேரம் பேசுகிறார் என்றார். 1998-இல் கிதியன் ரோஸ் இவ்விரு போக்குகளையும் கட்டமைப்பு வாதத்தோடு இணைக்கும் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார். வலிமைப் பங்கீட்டின் அழுத்தம் உள்நாட்டு நிலைமைகளின் வழியே வடிந்தே தீர்மானமாகிறது என்பது அப்பிரிவினரின் நிலைப்பாடு.

சென்னையை மீட்புப்பணம் பெற்றுத் திருப்பிக்கொடுக்க லா பூர்தொனே இசைந்ததையும், அதைத் தூப்ளே மறுத்து முறித்ததையும், செலவுக்கு அஞ்சிய பாரிஸ் 1754-இல் தூப்ளேயையே திருப்பி அழைத்ததையும் இதற்கு உதாரணமாகக் காட்டலாம். ஆனால், எதையும் விளக்கவல்ல கோட்பாடு எதையும் முன்னுரைக்க மாட்டாது என்னும் ஆட்சேபம் இப்பிரிவின் மீது சாட்டப்பட்டுள்ளது. அது எளிதில் தள்ளக்கூடியதன்று. உள்நாட்டுக் காரணங்களின் பட்டியலை விருப்பம்போல் நீட்ட முடியுமாதலால், எந்தக் காரணம் எப்பொழுது வலுப்பெறும் என்னும் விதியை இவர்கள் இன்னும் வகுத்தாக வேண்டும்.

புதுச்சேரியும் கோவாவும்

விஞ்ஞானியைப்போல் ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு வரலாற்றாசிரியனுக்குக் கிட்டுவதில்லை. அதற்கு மிக அருகில் வருவது, சுதந்திர இந்தியா இரண்டு ஐரோப்பிய நாடுகளிடமிருந்து தன் நிலப்பகுதிகளை மீட்ட வரலாறு. பிரான்சும் போர்ச்சுகலும் 1949-இல் நேட்டோ அமைப்பை நிறுவிய நாடுகள். இரண்டுக்கும் எதிரே நின்றது நேருவின் அணிசேரா இந்தியா. உலகம் அமெரிக்கா, சோவியத் என்று இரு முகாம்களாகப் பிரிந்திருந்த காலம் இரண்டுக்கும் பொது. பிரான்ஸ் 1954 மே மாதம் தியன் பியன் பூவில் தோற்றது; ஜூனில் மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார்; அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர்; நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. போர்ச்சுகலோ 1951-இலேயே தன் குடியேற்றங்களைக் கடல்கடந்த மாகாணங்கள் எனப் பெயர்மாற்றி, பேச்சுக்கே இடமில்லை என்று நின்றது; 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தபோது ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தைச் சோவியத் யூனியன் ரத்து அதிகாரத்தால் தடுத்தது.

வலிமைப் பங்கீடே தீர்மானிக்குமாயின், இரண்டில் மெலிந்த போர்ச்சுகல் முதலில் இணங்கியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. பிரான்சில் தேர்தலுக்கும் சட்டமன்றத்துக்கும் பதில்சொல்ல வேண்டிய அரசு இருந்தது. லிஸ்பனில் சாலசாரின் சர்வாதிகாரம் இருந்தது. தன்னை எத்தகைய நாடாக எண்ணிக்கொள்கிறது என்னும் சுயவுருவம் ஓர் அரசின் நலன்களையே உருவாக்குகிறது என்று 1992 முதல் அலெக்சாண்டர் வெண்ட் முன்வைத்த கருத்துக்கு, பேரரசுக் கனவை விடமுடியாத போர்ச்சுகல் தக்க சான்றாகத் தோன்றுகிறது.

ஆயினும் நிதானம் தேவை. புதுச்சேரியில் வ. சுப்பையா நடத்திய இயக்கமும், பிரெஞ்சு ஆதரவாளராயிருந்த எதுவார் குபேர் 1954-இல் இணைப்பின் பக்கம் திரும்பி நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்ததும், இந்தியா விதித்த சுங்கக் கட்டுப்பாடுகளும் முடிவை விரைவுபடுத்தின. அன்றியும் 1956 மே 28-இல் கையொப்பமான ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16 வரை சட்டப்படி நடைமுறைக்கு வரவில்லை. அல்ஜீரியப் போர் நடக்கும்போது இன்னொரு நிலத்தை விட்டதாகப் பதிவுசெய்யப் பிரெஞ்சுச் சட்டமன்றம் தயங்கியது அதற்கு முக்கியக் காரணம். ஆக, ஜனநாயகம் கைமாற்றத்தை எளிதாக்கிற்று என்று சொன்ன வாயால், அதே ஜனநாயகம் அதை எட்டாண்டு தாமதிக்கச் செய்தது என்றும் சொல்லியாக வேண்டும்.

சிறிய அரசுகளின் இடம்

பெரும்பாலான கோட்பாடுகள் வல்லரசின் மாடத்திலிருந்து எழுதப்பட்டவை. பாக்கு நீரிணையின் அக்கரையை நோக்கினால் படம் மாறுகிறது. 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தில், தமிழக அரசின் எதிர்ப்பையும் மீறி, வலிய இந்தியா மெலிய இலங்கைக்குக் கச்சத்தீவை விட்டுக்கொடுத்தது; அயல்நாட்டை வேறு சக்திகளின் பக்கம் சாயவிடக் கூடாது என்னும் தில்லியின் கவலையை அதற்குக் காரணமாகப் பலர் கூறுவர். பதின்மூன்றாண்டுகளுக்குப் பின், 1987 ஜூலை 29-ஆம் நாள் ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்கு ஊறு செய்யும் வகையில் எந்நாட்டின் இராணுவமும் திரிகோணமலையைப் பயன்படுத்த இலங்கை இடங்கொடாது என்னும் உறுதி பெறப்பட்டது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2022-இல் கடன் தவணை கட்ட முடியாமல் தவித்த இலங்கைக்கு இந்தியா பெரும் நிதியுதவி செய்தது. மெலிந்தவர் வலியவரை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்திப் பெறும் பேரவலிமை ஒன்று உண்டு என்பதை இவை உணர்த்துகின்றன. அப்பேரத்தின் விலையைக் கச்சத்தீவு விஷயத்தில் இருகரை மீனவர் இன்றும் செலுத்துகின்றனர். 1818-இல் உப்பளத் தொழிலாளர்க்கு நேர்ந்ததும் இதே வகையானதே.

முடிவுறாத வினாக்கள்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஓரளவு துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவே: வலிமைப் பங்கீடு ஓர் அரசுக்கு எவை எட்டாதவை என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது, எட்டக்கூடியவற்றுள் எது தேர்ந்துகொள்ளப்படும் என்பதை அது அபூர்வமாகவே முடிவுசெய்கிறது. 1760-இல் பிரெஞ்சுக்காரர்க்குக் கடல் எட்டாததாயிற்று. 1954-இல் பாரிஸும் லிஸ்பனும் ஒரே உலகை நோக்கி இருவேறு வழிகளைத் தேர்ந்தன.

தீராதவற்றுள் முதன்மையானது, பல வல்லரசுகள் போட்டியிடும் உலகில் சிறியோருக்கு இடம் விரியுமா, சுருங்குமா என்பது. 1750-ஐ ஒட்டிய காலத்தில் இக்கரையில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும், சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரரும், நிஜாமும் மராட்டியரும் ஒருங்கே இருந்தனர். நவாபுகளும் பாளையக்காரர்களும் துபாஷிகளும் அப்போட்டியில் பெற்ற சுயேச்சை, 1763-இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் ஆண்டுக்காண்டு தேய்ந்தது. ஆனால் அச்சுயேச்சையின் காலமே கர்நாடகத்துக் கிராமங்கள் படைகளால் பாழான காலமும் ஆகும். அரசுக்குக் கிடைக்கும் பேரத்தின் பரப்பும் குடிகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஒரே திசையில் வளர்பவையா, எதிரெதிரே செல்பவையா என்பதை இங்கே மதிப்பிட்ட எந்தக் கோட்பாடும் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. வலிமையை அளப்பவர்கள் கப்பலையும் படையையும் கருவூலத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும் வரையில், உப்பு வாருபவரின் நிலையிலிருந்து அதே வரலாற்றை அளக்கும் ஆராய்ச்சி இனிமேல்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.